பங்குக் கிணறு

விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவானைத் தேடிப் பிடித்து, ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். விருப்பமாவது, ஓய்வாவது. மருதமுத்து ஐம்பத்துநாலு வயதில் சுரங்கத்து எலக்ட்ரீஷியன் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் வாரமே வீட்டிலிருந்த மின்விசிறிகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். அடுத்த வாரம் மிக்ஸியைப் பிரித்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி. அதற்கடுத்து கிரைண்டர் பக்கம் கையைக் கொண்டு போனபோது இசக்கியம்மாள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"இதைத் தொட்டியன்னா நான் ஊருக்குப் பஸ் ஏறிருவேன்," என்றாள். "முப்பது வருசமா உங்க ஷிப்டுக்கு நான் சோறு கட்டுனேன். இப்ப என் அடுப்படியில வந்து ஷிப்டு பாக்கியளோ?"

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து மருதமுத்து சும்மா இருந்ததே இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தாயிற்று. மகள் அகிலாவுக்குக் கல்யாணமும் ஆயிற்று. இனி அவருக்கென்று ஒரு வேலையும் கிடையாது. அது அவருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் கருப்பசாமியின் சாவிலிருந்து வந்தது. கருப்பசாமி அதே செக்ஷன்காரர். அறுபது முடிய உழைத்து, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், மூன்றாம் மாதம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அந்த எழவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், டீக்கடையில் வைத்துத்தான் மருதமுத்து தன் கூட்டாளி தனகோடியின் மனதைக் கலைத்தார்.

தனகோடி சுரங்கத்தில் மெக்கானிக். சுற்று வட்டாரத்துக்காரர். குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போனதற்கு வேலை கிடைத்து உள்ளே வந்தவர். கன்வேயர் பெல்ட்டில் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்துதான் கை வைக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த கை இருபது வருஷத்துக்கு மேலாகப் பிரியவில்லை.

"பாத்தியாய்யா," என்றார் மருதமுத்து. "அறுபது வரைக்கும் ஓடி என்னத்தக் கண்டான்? கை கால் திடமா இருக்கும்போதே வெளிய வந்துரணும். நான் எழுதிக் குடுக்கப் போறேன். நீயும் குடு."

"குடுத்துட்டு? வூட்டுல குந்திகினு செவுத்தப் பாக்கறதா?"

"நான் இருக்கேன்லா. உன்னயச் சும்மா உக்கார விட்டுருவனா?"

தனகோடி யோசித்தார். தனகோடி யோசித்தால் அது 'சரி' என்றுதான் அர்த்தம். அவர் மனைவி விஜயலட்சுமி அப்படிப்பட்டவள் இல்லை. அவள் நேராகப் புறப்பட்டு மருதமுத்துவின் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, நீங்க போறதுன்னா போங்க. உங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்சிட்டுது. எம்பையன் மணிமாறன் இன்னும் கான்ட்ராக்ட்லதான் ஓடிகினு கீறான். இவருக்கு சர்வீஸ் கெடக்குது. இவர எதுக்குங்க கூட இழுத்துகினு போறீங்க?"

"தங்கச்சி, அவனுக்கு நான் பொறுப்பு," என்றார் மருதமுத்து. "நல்லபடியா வச்சுக்கிடுவேன். என்னய நம்பு."

வாய் இருக்கிறதே, அது சொல்லும்போது ஒரு பாரமும் தெரியாது. சொன்ன பிறகுதான் கழுத்தில் ஏறி உட்காரும்.

தனகோடி வெளியே வந்து இரண்டு மாதத்தில் ஆளே உருக்குலைந்து போனார். காலையில் டிவியைப் போட்டால் இரவு வரைக்கும் அதன் முன்னால். குளிப்பதில்லை, சவரம் செய்வதில்லை. பிறகு மத்தியானம் ஆனால் கடைக்குப் போக ஆரம்பித்தார். அது என்ன கடை என்று சொல்ல வேண்டியதில்லை. விஜயலட்சுமி ஒருநாள் போன் செய்தாள். திட்டவில்லை. "வந்து உங்க ஃப்ரெண்ட கொஞ்சம் பாத்துட்டுப் போங்கண்ணா," என்றாள். திட்டியிருந்தால் மருதமுத்து அன்றைக்கு இரண்டு வாய் சோறாவது தின்றிருப்பார்.

வழி பிறந்தது பண்ருட்டியில். ஏதோ ஒயர் வாங்கப் போன இடத்தில், மோட்டார் காயில் கட்டும் கடை வாசலில் ஓர் அம்மாள் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சின்னம்மாள் என்று பேர். புருஷன் இல்லாதவள். கொஞ்சம் முந்திரிக் கொல்லை, கொஞ்சம் கத்திரி. மோட்டார் நின்று போயிருந்தது. கடைக்காரன் அடுத்த வாரம் வருகிறேன் என்கிறான். அடுத்த வாரம் வரைக்கும் கத்திரி உயிரோடு இருக்குமா? மருதமுத்து பக்கத்தில் போய், "நான் வந்து பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். கேட்டவுடனேயே அவருக்கு மார்புக்குள் என்னவோ இளகியது. இந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது.

போகும் வழியில் தனகோடியின் வீட்டுக்குள் நுழைந்து டிவியை அணைத்தார். "எந்திரிய்யா. பேரிங் வேலை இருக்கு." தனகோடி முகத்தைக்கூடக் கழுவவில்லை. ஸ்பானர் பையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். சாயங்காலம் சின்னம்மாளின் வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுந்தபோது, முழங்கை வரைக்கும் கிரீஸோடு நின்ற தனகோடி சிரித்தார்.

"கையி இன்னும் மறக்கல மருது," என்றார்.

பிறகென்ன, வாயிலிருந்து வாய்க்குப் போயிற்று. 'மைன்ஸ்காரரு ரெண்டு பேரு வராங்களாம், கூலி கேக்க மாட்டாங்களாம்' என்று திருவதிகை, மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் கூப்பிட்டார்கள். வாங்க வேண்டிய சாமானைக் கொல்லைக்காரர் வாங்கிக் கொடுத்தால் போதும். மோர் கொடுத்தால் குடிப்பார்கள். பலாப்பழம் கொடுத்தால் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். இசக்கியம்மாள் வீட்டில் பலாப்பழத்துக்கு இடமில்லாமல் தெருவெல்லாம் கொடுத்தாள். தனகோடி கடைக்குப் போவதை யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார். விஜயலட்சுமி இரண்டு பேருக்குமாக டிபன் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதைக் கையில் வாங்கிய முதல் நாள் மருதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனுஷன் நினைத்துக்கொண்டார். நினைக்கக் கூடாதா? ஒன்றரை வருஷம் அது உண்மையாகவும் இருந்தது.

அவர்கள் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. சுரங்கத்தில் எந்த மோட்டாரில் மெக்கானிக் கை வைத்தாலும், எலக்ட்ரீஷியன் முதலில் மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளை உருவிக் கொண்டுவந்து மெக்கானிக் கையிலேயே கொடுப்பார். மெக்கானிக் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவார். வேலை முடிந்து வெளியே வந்து அவர் கையால் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும், பெரிய அதிகாரி வந்து நின்று குதித்தாலும் கரண்ட் கிடையாது. போர்டில் பியூஸ் கட்டை இல்லை என்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுரங்கத்தில் யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆளுக்குக்கூட முதல் நாளே தெரியும்.

வெளியே வந்தும் இருவரும் அதை விடவில்லை. எவ்வளவு சின்ன மோட்டாரானாலும் சரி. மருதமுத்து கட்டையை உருவிக் கொடுத்து, "வாங்கிக்க" என்பார். தனகோடி, "வாங்கிகினேன்" என்பார். பார்க்கிற கொல்லைக்காரர்களுக்கு அது ஏதோ பூசை போலத் தெரியும். சிரிப்பார்கள்.

போன சித்திரையில் செங்குட்டுவன் என்று ஒருவன் கூப்பிட்டான். திருவதிகையைத் தாண்டிக் கரும்புக் கொல்லை. மோட்டார் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். அது பங்குக் கிணறு. செங்குட்டுவனுக்குப் பாதி, அவன் பெரியப்பா மகன் அன்புமணிக்குப் பாதி. கிணறும் மோட்டாரும் ஒன்று. ஆளுக்கு இத்தனை வேளை என்று முறை வைத்து இறைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பங்காளிகளுக்குள் ஒரே கிணறு இருந்தால் பேச்சு எப்படி இருக்கும்? செங்குட்டுவன் இதையெல்லாம் சொல்லவில்லை. கிணற்றைக் காட்டினான். "கல்யாணம் ஒண்ணு இருக்குதுங்க, போய்த் தலையக் காட்டிட்டு வந்துடறேன்," என்று வெள்ளை வேட்டியோடு போய்விட்டான்.

மோட்டார் கிணற்றுக்குள்ளே பாதி ஆழத்தில் ஒரு மேடையில் இருந்தது. சுவிட்சும் ஸ்டார்ட்டரும் மேலே, கரும்புக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன செட்டில். செட்டிலிருந்து பார்த்தால் கிணறு தெரியாது. மருதமுத்து மெயினை அணைத்து மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவினார். கிணற்றடிக்கு வந்து கொடுத்தார்.

"வாங்கிக்க."

"வாங்கிகினேன்." தனகோடி பையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார்.

மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங்கில் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தது. கொண்டுவந்த புஷ் அளவு சேரவில்லை. தனகோடி கப்ளிங்கைப் பிரித்து வைத்துவிட்டுக் கீழிருந்து குரல் கொடுத்தார்.

"மருது, பண்ருட்டி போய் வேற வாங்கிகினு வந்துடு. நான் அதுக்குள்ள துருவ சொரண்டி கிளீன் பண்ணி வைக்கிறேன்."

மருதமுத்து வண்டியை எடுத்தார். வரப்பு முடிந்து மண் ரோடு தொடங்கும் இடத்தில் எதிரே ஓர் ஆள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மருதமுத்து தலையசைத்தார். அவனும் தலையசைத்தான். இவர் யாரோ செங்குட்டுவனைப் பார்க்க வந்தவர் போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். இவர் ஒன்றும் நினைக்கவில்லை. கட்டைதான் தனகோடி பையில் இருக்கிறதே, நினைக்க என்ன இருக்கிறது? சுரங்கமாக இருந்தால் அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் அது சுரங்கம் இல்லை. நின்று இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒரு வாய். வண்டியை நிறுத்தக்கூட வேண்டியதில்லை, போகிற போக்கிலேயே சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட வாயால் சொல்ல வேண்டி வராத வார்த்தை, அன்றைக்கும் வரவில்லை.

வந்தவன் அன்புமணி. மத்தியானத்திலிருந்து அவன் முறை.

புஷ் மூன்றாவது கடையில் கிடைத்தது. மருதமுத்து இரண்டு வடையும் வாங்கிக்கொண்டார், தனகோடிக்குப் பசிக்கும் என்று. வரப்பில் வண்டி ஏறியபோது சத்தம் கேட்டது. மோட்டார் ஓடும் சத்தம். அதுவும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் முக்கல் இல்லை. பாரமே இல்லாமல் வெறுமனே சுற்றும் மோட்டாரின் மெல்லிய சீற்றம். அந்தச் சத்தத்தின் அர்த்தம் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. புரிந்ததை அவர் மனசு வாங்கிக்கொள்ள மறுத்தது. ஓடாது, ஓட முடியாது, கட்டை அவனிடம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

செட்டுக்குள் மெயின் போட்டிருந்தது. கட்டை இருக்க வேண்டிய மூன்று இடத்திலும் செப்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருந்தது. அவர் அறைந்து அணைத்தார். கரும்பைப் பிளந்துகொண்டு கிணற்றடிக்குப் போனபோது, அன்புமணி பம்புக்கு ஊற்றக் குடத்தில் தண்ணீரோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லையே என்று பார்க்க வந்தவன்.

மேடையில் உப்புத்தாள் கிடந்தது. ஸ்பானர் கிடந்தது. கப்ளிங்கில் சட்டைக் கை சுற்றிக் கிழிந்திருந்தது. தனகோடி மேடையில் இல்லை.

அன்புமணிதான் குடத்தைப் போட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீருக்குள் குதித்தான். அவனேதான் தூக்கிக்கொண்டு வந்தான். மருதமுத்து நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார், சுரங்கத்தில் வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் செய்தார். உருட்டிப் படுக்க வைத்தபோது சட்டைப் பையிலிருந்து மூன்று கட்டைகளும் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் அன்புமணி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"செங்குட்டுவன் புடுங்கிகினு பூட்டான்னு நெனச்சேங்க. என் முறை வந்தா கட்டைய புடுங்கி ஒளிச்சி வச்சிடுவான். வருசம் முழுக்க இதே ரோதனதான். நானும் கம்பி போட்டுதான் ஓட்டிகினு கீறேன். உள்ள ஆளு இருக்குதுன்னு யாருங்க சொன்னாங்க எனக்கு?"

யாரும் சொல்லவில்லை. சுரங்கத்தில் பியூஸ் கட்டையைக் காணோம் என்றால் அங்கே ஒரு மனுஷன் இருக்கிறான். அந்தக் கிணற்றடியில் பியூஸ் கட்டையைக் காணோம் என்றால் பங்காளி ஓர் அயோக்கியன். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மருதமுத்து ஒன்றரை வருஷம் ஊர் ஊராகக் கட்டையை உருவிக்கொண்டிருந்தார். அதுவரை ஒன்றும் நடக்காததுதான் ஆச்சரியம்.

போலீஸ் வந்தது. அன்புமணியைக் கொண்டுபோனார்கள். செங்குட்டுவன் கல்யாண வீட்டு வெற்றிலை வாயோடு வந்து நின்று, தனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னான். மருதமுத்துவையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். எதிரே வந்தவனைப் பார்த்ததையும், தலையசைத்ததையும், பேசாமல் போனதையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அதெல்லாம் கேஸுக்கு வேணாம் சார்," என்றார்.

எழவு வீட்டில் மருதமுத்து ஓர் ஓரமாக நின்றார். சுரங்கத்துக் கூட்டாளிகள் ஷிப்ட் முடிந்து நேரே வந்தார்கள். ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. "நீ முறைப்படிதான் செஞ்சிருக்க," என்று தோளைத் தட்டினார்கள். அந்த வார்த்தை அவருக்குச் செருப்படி போல விழுந்தது. விஜயலட்சுமி அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகும் போன் வந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை, கத்திரி காய்கிறது, எப்போது வருவீர்கள் என்று. மருதமுத்து எடுத்து, "இனி வாரதில்லங்க," என்று வைத்துவிடுவார். பிறகு எடுப்பதையே விட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், படுக்கச் சொன்னால் படுத்தார். ஒருநாள் இசக்கியம்மாளே ஓடுகிற மிக்ஸியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "இதுல என்னவோ சத்தம் கேக்கு, கொஞ்சம் பிரிச்சுப் பாருங்களேன்," என்றாள். அவர் கையைக் கொண்டுபோகவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

கருமாதி முடிந்த மறுநாள், "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. எத்தன நாளைக்கு ஒளிஞ்சிக்கிடுவிய?" என்று அவள்தான் அனுப்பினாள்.

தனகோடியின் வீட்டில் உறவு ஜனம் எல்லாம் போயிருந்தது. மணிமாறன் கான்ட்ராக்ட்காரன் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மருதமுத்துவைப் பார்த்து, "வாங்க மாமா," என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விஜயலட்சுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். மருதமுத்து வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தார்.

"தங்கச்சி, என்னய மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல. மணிமாறன என் பிள்ளையாட்டம் நான்..."

"வேணாங்கண்ணா," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "நீங்க பொறுப்பு ஏத்துகினதெல்லாம் போதும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்கு சாவுன்னு எழுதியிருந்தா அது நடந்துதான் தீரும். உங்கள சொல்லி இன்னா ஆவப்போவுது. ஆனா மைன்ஸு உள்ள நடந்திருக்கலாம் இல்லீங்களா? அவருக்கு இன்னும் சர்வீஸு இருந்துது. உள்ள செத்திருந்தா வாரிசு வேலைன்னு எம்பையன பர்மனென்ட் பண்ணியிருப்பாங்க. இப்ப அவன் ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான். ஊரான் வூட்டு கெணத்துல, யாரோ ரெண்டு பங்காளி சண்டையில பூட்டாரு எம்புருசன். யாரு வந்து கேக்கப்போறாங்க?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மருதமுத்து எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது மறுபடி பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா பாவம். கட்டிகினு வந்த நாள்லருந்து அவரு இந்த ஒன்ற வருசம் சிரிச்ச மாதிரி நான் பாத்ததே இல்ல. காத்தால கெளம்பும்போதே சிரிச்சிகினு போவாரு. ராத்திரி வந்து எந்த மோட்டாரு, எந்த ஊருன்னு எங்கிட்ட கத சொல்லிகினு இருப்பாரு. தூங்க வுடமாட்டாரு. அது உங்களாலதான். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

மருதமுத்து நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாளில் அவர் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை. அதைப் பற்றிக்கொள்ள அவர் நெஞ்சு பரபரத்தது.

"அந்த சிரிப்ப வச்சிகினு நான் இன்னாங்கண்ணா பண்றது?" என்று கேட்டாள் விஜயலட்சுமி. "நீங்கதான் நாலும் தெரிஞ்சவரு. சொல்லுங்க."

குத்திக்காட்டக் கேட்ட கேள்வி இல்லை அது. அவள் உண்மையாகவே அவர் முகத்தைப் பார்த்து, பதிலுக்காகக் காத்திருந்தாள்.